ஸ்டேடியத்துக்கு நம் வரிப்பணம்: வாக்கெடுப்பு இல்லாமல் கவுண்டி கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை அடுத்த ஒரு கவுண்டியில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். சொந்த வீடு இருக்கிறது. சொத்து வரியை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவருகிறேன். என்னிடம் இருப்பது கிரீன் கார்டு. என் மனைவி அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ஒரு தொழில்முறை விளையாட்டு அணிக்குப் புதிய ஸ்டேடியம் கட்டப்போவதாக எங்கள் கவுண்டி கமிஷனர்கள் சென்ற மாதம் அறிவித்தார்கள். செலவில் ஒரு பெரும்பகுதிக்குக் கடன்பத்திரம் வெளியிட்டு, முப்பது ஆண்டுகளில் கவுண்டி அடைக்குமாம். மக்கள் வாக்கெடுப்பு கிடையாது. 'யாருக்கும் வரி ஏறாது' என்று சொல்கிறார்கள். கூட்டத்தில் பேச எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இப்படி எங்களைக் கேட்காமலே கடன் வாங்க முடியுமா? நான் வழக்குத் தொடர முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது, ஆனால் எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது. கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் கேட்டு நீதிமன்றத்தில் மனு தாக்கலாகிவிட்டதா? ஆகியிருந்தால் உங்களுக்கு இருப்பது மாதங்கள் அல்ல, நாட்கள். அதனால்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் அவசரத்தோடு எழுதுகிறேன்.

வாக்கெடுப்பு பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஜார்ஜியா அரசியல் சட்டப்படி, ஒரு கவுண்டி தன் பெயரில் நேரடியாக நீண்டகாலக் கடன் வாங்க வேண்டுமானால் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும். எனவே உங்கள் கோபம் நியாயமானதே. ஆனால் அதே அரசியல் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. கவுண்டியும், சட்டப்படி அமைக்கப்பட்ட ஒரு பொது ஆணையமும் தங்களுக்குள் ஐம்பது ஆண்டுகள்வரை நீடிக்கும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நடைமுறையில் நடப்பது இதுதான்: கடன்பத்திரத்தை வெளியிடுவது ஆணையம். அதற்கான தவணையை ஆண்டுதோறும் ஆணையத்துக்குக் கட்டுவதாகக் கவுண்டி ஒப்பந்தம் போடும். காகிதத்தில் கடன் ஆணையத்துடையது, கவுண்டிக்கு இருப்பது வெறும் ஒப்பந்தக் கடமை. பணம் என்னவோ உங்கள் வீட்டு வரியிலிருந்துதான் போகும். ஆனால் வாக்கெடுப்பு தேவைப்படாது.

இதை நீதிமன்றம் ஏற்குமா என்ற சோதனை நடந்து முடிந்துவிட்டது. அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி காப் கவுண்டிக்கு இடம்பெயரும் செய்தி 2013 நவம்பரில் வெளியானது. அடுத்த இரண்டு வாரங்களில் கமிஷனர்கள் நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் ஒப்புதல் கொடுத்தார்கள். 39.7 கோடி டாலர்வரை கடன்பத்திரம் வெளியிடும் அந்தத் திட்டத்தை எதிர்த்து உள்ளூர்வாசிகள் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2015 ஜூனில், 'சாவேஜ் எதிர் மாநில அரசு' வழக்கில், அவர்கள் தோற்றார்கள். அணி என்னும் தனியார் நிறுவனம் பெரும் பயன் அடைவதால் மட்டும் ஒரு திட்டம் பொதுநோக்கம் இல்லாததாகிவிடாது, கவுண்டிக்கும் ஆணையத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் கடன் கட்டுப்பாட்டுப் பிரிவை மீறவில்லை என்பது தீர்ப்பு. திட்டம் புத்திசாலித்தனமானதா என்ற கவலையை நீதிபதிகள் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் அது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்யவேண்டிய விஷயம் என்றார்கள். அரங்கம் 2017இல் திறக்கப்பட்டது.

ஆகவே, 'ஸ்டேடியம் ஊருக்கு லாபம் தராது' என்ற வாதத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள். பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது அதைத்தான். காப் கவுண்டி அரங்கத்தைத் தொடர்ந்து ஆராய்ந்த கென்னசா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே.சி. பிராட்பரியும் அதையே சொல்கிறார். கமிஷனர்கள் கூட்டத்தில் அது வலுவான வாதம். நீதிமன்றத்தில் அது தனியாக நிற்காது.

அப்படியானால் நீதிமன்றத்தில் எதற்குத்தான் இடம் இருக்கிறது? இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். ஜார்ஜியாவில் இத்தகைய கடன்பத்திரங்களை விற்கும் முன், கவுண்டியின் முதன்மை விசாரணை நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்டில் 'பாண்ட் வேலிடேஷன்' என்ற உறுதிப்பாட்டு வழக்கு நடந்தாக வேண்டும். வழக்கைத் தொடுப்பவர் மாவட்ட அரசு வழக்கறிஞர், மாநிலத்தின் பெயரில். எதிர்த்தரப்பு கவுண்டியும் ஆணையமும். கேட்பதற்கு மோதல் போல இருக்கும், ஆனால் வழக்கமாக இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இருக்காது. மனுவில் சொன்னதைப் பதிலுரை ஒப்புக்கொள்ளும். அந்த அறையில் எதிர்க்குரல் ஒன்று எழவேண்டுமானால் அது கவுண்டியில் வசிக்கும் ஒருவர் தாமாக வந்து வழக்கில் தரப்பினராகச் சேர்ந்தால்தான் எழும். சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஆனால் விசாரணை தொடங்கும் நேரத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

அறிவிப்பு உங்கள் வீட்டுக்குத் தபாலில் வராது. கவுண்டியின் சட்ட அறிவிப்புகளை வெளியிடும் உள்ளூர்ப் பத்திரிகையில், விசாரணைக்கு முந்தைய இரண்டு வாரங்களில், வாரம் ஒருமுறை வரும். ஏல அறிவிப்புகளுக்கு நடுவே சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்க்கத் தவறினால் தரப்பினராக முடியாது. தரப்பினராகாதவர் மேல்முறையீடு செய்ய முடியாது. தீர்ப்பை எதிர்த்து யாரும் போகாமல் காலம் கடந்துவிட்டால் அந்தப் பத்திரங்களின் செல்லுபடித்தன்மை என்றென்றைக்கும் முடிவானது. பிறகு எத்தனை பெரிய ஊழலைக் கண்டுபிடித்தாலும் பத்திரம் வாங்கியவரிடம் 'இந்தக் கடன் செல்லாது' என்று சொல்ல முடியாது.

தாமதம் எப்படித் தண்டிக்கும் என்பதற்கு ஓஹையோவின் ஹாமில்டன் கவுண்டியை நினைத்துப் பாருங்கள். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கு அரங்கம் கட்ட 1996இல் அங்கே விற்பனை வரியை உயர்த்த வாக்காளர்களே சம்மதித்தார்கள். அதற்கடுத்த ஆண்டு கையெழுத்தான குத்தகை கவுண்டியின் கழுத்தை நெரித்தபோது, அணியின் மீதும் தேசியக் கால்பந்து லீக்கின் மீதும் கவுண்டியின் தரப்பில் வழக்கு வந்தது. 2007இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் காலம் கடந்த வழக்கு என்று தள்ளியது. கவுண்டிக்கே இந்தக் கதி என்றால் தனி மனிதருக்குச் சொல்லவேண்டியதில்லை.

உறுதிப்பாட்டு விசாரணையில் என்ன கேட்கலாம்? திட்டம் உறுதியானதா, நடைமுறைக்கு ஏற்றதா, நியாயமானதா என்று நீதிபதி பார்ப்பார். அங்கே எண்களுக்கு மதிப்பு உண்டு. கட்டணமாகவும் வரியாகவும் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கை யார் போட்டது, அணியிடம் சம்பளம் வாங்கும் ஆலோசகரா, வருமானம் குறைந்தால் எந்த வரியிலிருந்து எடுப்பார்கள் என்று குறுக்கு விசாரணை செய்யலாம். அதைவிட முக்கியமானது நடைமுறை. இறுதி ஒப்பந்தத்தின் நகல் கமிஷனர்கள் வாக்களிக்கும்போது மேசையில் இருந்ததா? கூட்டத்துக்கு முறையான அறிவிப்பு இருந்ததா? மூடிய அறையில் முடிவெடுத்துவிட்டுப் பொதுக்கூட்டத்தில் சடங்குக்கு வாக்களித்தார்களா? திறந்த கூட்டச் சட்டத்தை மீறிய முடிவை எதிர்க்க 90 நாள் காலவரம்பு. அந்த நாட்களையும் இப்போதிருந்தே எண்ணிக்கொண்டிருங்கள்.

'வரி ஏறாது' என்ற வாக்குறுதியைத் தனியாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. பொய்யாக இல்லாமலே உங்கள் பணத்தை எடுக்கும். பழைய பூங்காக் கடனுக்காக விதிக்கப்பட்ட ஒரு சொத்து வரி, அந்தக் கடன் அடைந்ததும் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தாமல் ஸ்டேடியத்துக்குத் திருப்பினால் உங்கள் ரசீதில் தொகை ஏறாது. ஆனால் குறைந்திருக்கவேண்டிய தொகை குறையாமல் நிற்கும். காப் கவுண்டியில் நடந்தவற்றுள் இதுவும் ஒன்று. கூடவே ஹோட்டல் வரி, வாடகைக் கார் வரி, வணிகப் பகுதிக்கென்று ஒரு தனி வரி. எனவே கமிஷனர்களிடம் 'வரி ஏறுமா' என்று கேட்காதீர்கள். 'இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் என் வரி எவ்வளவு குறைந்திருக்கும்' என்று கேளுங்கள். 'வருமானம் போதாத ஆண்டில் சொத்து வரியை உயர்த்தியாவது தவணையைக் கட்டுவோம் என்று கவுண்டி எழுதிக்கொடுக்கிறதா' என்றும் கேளுங்கள். பெரும்பாலும் எழுதிக்கொடுத்திருப்பார்கள். பத்திரம் வாங்குபவர்கள் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

ஒப்பந்த வரைவில் இன்னொன்றும் தேடுங்கள்: பத்திரம் வரிவிலக்கு பெற்றதா? 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சி வரிச் சீர்திருத்தச் சட்டப்படி, அரங்கத்தின் பயன்பாட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் தனியாருடையதாகவும், கடன் தவணையில் பத்து சதவீதத்துக்கு மேல் தனியார் பணத்திலிருந்து வருவதாகவும் இருந்தால் வரிவிலக்கு போய்விடும். அரங்கத்தைப் பயன்படுத்துவது அணிதான் என்பதால் முதல் வரம்பைக் காப்பாற்ற முடியாது. எனவே இரண்டாவதைக் காப்பாற்றுகிறார்கள்: அணி தரும் வாடகையைக் கடன் தவணையிலிருந்து விலக்கி, மிச்சத்தைப் பொதுவரியின் தலையில் கட்டுகிறார்கள். மானியத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டமே வரி கட்டுவோரின் பங்கைப் பெரிதாக்கிவிட்டது. எனக்கு இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கசக்கிறது.

அடுத்து, உங்கள் தகுதி. கூட்டாட்சி நீதிமன்றத்தை மறந்துவிடுங்கள். வரி கட்டுபவர் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே கதவு திறப்பது மிக அரிது. ஜார்ஜியா நீதிமன்றங்கள் தாராளமானவை. உள்ளூர் அரசு சட்டத்தை மீறினால், அங்கே வசித்து வரி கட்டுபவர் தனிப்பட்ட நஷ்டத்தைக் காட்டாமலே வழக்குத் தொடரலாம் என்று, ஹென்றி கவுண்டியில் ஒரு சிலையை அகற்றுவது தொடர்பான வழக்கில், மாநில உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொன்னது. ஆனால் உறுதிப்பாட்டு வழக்கில் சேரும் உரிமையைச் சட்டம் 'கவுண்டியில் வசிக்கும், இம்மாநிலக் குடிமகன்' என்ற சொற்களால் கொடுக்கிறது. கிரீன் கார்டுடன் நீங்கள் சேர்ந்தால் கவுண்டியின் வழக்கறிஞர் முதல் நாளே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்வார். தேவையில்லாத சண்டை அது. உங்கள் மனைவி பெயரில் சேருங்கள்.

மக்கள் மனு என்ற இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நான் மிக மதிக்கிறேன். தெற்கு ஜார்ஜியாவின் கேம்டன் கவுண்டியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு நிலம் வாங்கக் கமிஷனர்கள் எடுத்த தீர்மானங்களை எதிர்த்து வாக்காளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். 2022 மார்ச் வாக்கெடுப்பில் தீர்மானங்கள் ரத்தாயின. கவுண்டி எதிர்த்தது. 2023 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வாக்காளர்கள் பக்கம் நின்றது. மக்கள்தொகை ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டியில், கடந்த பொதுத்தேர்தலில் பதிவு செய்திருந்த வாக்காளர்களில் பத்து சதவீதத்தினர் கையெழுத்திட வேண்டும். அதைக் கவுண்டியின் புரோபேட் நீதிபதி (உயில், வாரிசு விவகாரங்களைக் கவனிக்கும் நீதிபதி) சரிபார்ப்பார். உங்கள் கவுண்டி போன்ற பெரிய இடத்தில் பத்து சதவீதம் என்பது பல்லாயிரம் கையெழுத்துகள். மனு கவுண்டியின் தீர்மானத்தைக் குறிவைக்கட்டும். ஆணையத்தின் தீர்மானம் இந்த வழிக்குள் வராது என்று வாதிடுவார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பத்திரங்களும் விற்றுவிட்டால், பிறர் பெற்ற உரிமையைப் பறிக்க முடியாது என்ற வாதமும் வரும். எனவே இதற்கும் அவசரம் அதே.

இங்கே ஓர் எச்சரிக்கை; தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த மனுவில் கையெழுத்திடுபவர் பதிவுபெற்ற வாக்காளராக இருக்கவேண்டும். கிரீன் கார்டு வைத்திருக்கும் நீங்கள் எந்த வேகத்திலும், யார் நீட்டினாலும், அதில் கையெழுத்துப் போடாதீர்கள்; வாக்காளராகப் பதிவும் செய்யாதீர்கள். குடிமகன் என்று பொய்யாகக் காட்டிக்கொண்டதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டால், உங்கள் குடியுரிமை விண்ணப்பம் மட்டுமல்ல, இந்த நாட்டில் இருக்கும் உரிமையே ஆபத்துக்குள்ளாகும். ஸ்டேடியம் அந்த விலைக்குத் தகுதியானதல்ல.

ஆவணங்கள் கேட்பது உங்கள் பெயரிலேயே செய்யலாம். ஜார்ஜியாவின் திறந்த ஆவணச் சட்டப்படி மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தரவேண்டும். ஒப்பந்தம் உறுதியாகும்வரை சில பொருளாதார வளர்ச்சி ஆவணங்களை மறைக்க விதிவிலக்கு உண்டு. மறுத்தால், எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் மனைவி வழக்கறிஞர் இல்லாமலே தரப்பினராகலாம். ஆனால் நீங்கள் அண்டைவீட்டாரோடு ஒரு சங்கத்தைப் பதிவு செய்து அதன் பெயரில் வந்தால் வழக்கறிஞர் கட்டாயம். உறுதிப்பாட்டு வழக்குக்கு வெளியே தனி வழக்காகத் தொடுத்தால், திட்டம் தாமதமாவதற்கு ஈடாகப் பிணைத்தொகை கட்டச் சொல்லும்படி கவுண்டி நீதிமன்றத்தைக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடிய தொகையாக அது இராது. நான் முதலில் உறுதிப்பாட்டு வழக்கையே சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெல்வீர்களா? 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு இருக்கும்வரை, முழுத் திட்டத்தையும் நீதிமன்றத்தில் வீழ்த்துவது கடினம். ஆனால் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் ஒப்பந்தத்தின் வாசகம் மாறும்: செலவு மீறினால் யார் தருவது, அணி பாதியில் கிளம்பினால் என்ன அபராதம், பராமரிப்பு யார் பொறுப்பு. முப்பது ஆண்டுக் கணக்கில் அவை சிறிய விஷயங்கள் அல்ல. தவிர, தேர்தல் இருக்கிறது. பிரேவ்ஸ் ஒப்பந்தத்தை முன்னின்று நடத்திய காப் கவுண்டித் தலைவர் 2016இல் தோற்றார். மிசௌரியின் ஜாக்சன் கவுண்டியில் 2024 ஏப்ரலில் ஸ்டேடிய வரியை வாக்காளர்களே 58 சதவீதத்தினர் எதிர்த்து நிராகரித்தார்கள். வாக்கெடுப்பைத் தவிர்க்க ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது அதிலிருந்து விளங்கும்.

திங்கட்கிழமை காலை சுப்பீரியர் கோர்ட் எழுத்தர் அலுவலகத்துக்குப் போங்கள். உங்கள் கவுண்டி அல்லது அந்த ஆணையத்தின் பெயரில் கடன்பத்திர உறுதிப்பாட்டு மனு ஏதேனும் தாக்கலாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆகியிருந்தால் விசாரணைத் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றே உங்கள் மனைவியுடன் கடன்பத்திர வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு ஜார்ஜியா வழக்கறிஞரைப் பாருங்கள். ஆகவில்லை என்றால் அந்த உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சந்தா கட்டி, வாரந்தோறும் சட்ட அறிவிப்புப் பக்கத்தை முழுவதும் படியுங்கள்.