புண்ணாக்கு இருக்கட்டும், பாலத்தில் ஏன் நிற்கிறார்?

சகோதரி, நாலு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் மாட்டுத் தீனி: தேங்காய்ப் புண்ணாக்கு தின்னும் மாட்டின் கொழுப்பு தேங்காயெண்ணெய் போல ஆகிவிடுமா என்ற கேள்வி. கடைசியில் ஓரமாக உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இப்ப ஒரு மாசமா கிண்ணியாப் பாலத்தில பாதி தூரம் நடந்ததும் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறார். நெஞ்சில கல்லு வெச்ச மாதிரியாம். ரெண்டு நிமிஷத்தில போயிருது, வாய்வு என்கிறார்."

வாய்வு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் இறுக்கம் இதயத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். கச்சான் காற்றை எதிர்த்து நடந்தால் கூடும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தாலும் கூடும். அவருக்கு 53 வயது, சீனி வருத்தம், அவருடைய வாப்பாவும் மாரடைப்பில் மவுத்தானவர். இதை வாசித்த அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. நன்றாக இருக்கலாம், அதோடு திரும்பி வந்துவிடாமல், நடக்கும்போது வருவதை வைத்தியரிடம் விளக்கமாகச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது வந்தாலோ, நின்று ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 1990 ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள். மோட்டார்சைக்கிளில் ஏற்ற வேண்டாம்.

இனி மாடு. தேங்காய்ப் புண்ணாக்கு தின்ற மாட்டின் கொழுப்பு தேங்காயெண்ணெய் ஆகிவிடாது. கோழி தின்ற எண்ணெய் பெருமளவு அப்படியே அதன் கொழுப்பில் தெரியும். மாட்டுக்கு அப்படியில்லை. அதன் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள், தீனியில் வரும் நிறைவுறாக் கொழுப்பில் ஹைட்ரஜனை ஏற்றி, பெரும்பகுதியை ஸ்டியரிக் அமிலம் என்ற இறுகும் நிறைவுற்ற கொழுப்பாக்கிவிடும். ஆறிய கறிச்சட்டியில் வெள்ளையாக உறைகிறதே, அந்த இறுக்கத்தில் இதற்குப் பெரிய பங்குண்டு. 1970களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எண்ணெயைப் போர்மலின் ஏற்றிய பால் புரதத்தால் மூடிக் கொடுத்துத்தான் இந்த நுண்ணுயிர்களைத் தாண்ட முடிந்தது. புல் மேய்ந்த மாட்டில் ஒமேகா 3 சற்றுக் கூடும், கரோட்டீனால் கொழுப்பு மஞ்சளாகும். வழக்கமான தீனியில் எதைத் தின்றாலும் மாட்டுக் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்றதுதான். ஒமேகா 3 வேண்டுமென்றால் சூடை மீன் வாங்குங்கள்.

மாடு தின்ற தேங்காய் மாட்டோடு போயிற்று. அவர் தின்னும் தேங்காயெண்ணெய்க்குத்தான் வடிகட்டி இல்லை, நமக்கு அந்த இரைப்பை கிடையாது. உங்கள் மாட்டுப் பாலைப் பேரப்பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுங்கள், புண்ணாக்கின் கொழுப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. "புல் மேய்ந்த மாட்டுக் கொழுப்பே மருந்து" என்று யாரோ போனில் பேசியதை நம்பி, உங்கள் கணவர் மூன்று மாதமாக, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் அட்டோவாஸ்டட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு, பூண்டும் தேசிக்காய்ச் சாறும் காய்ச்சிக் குடிக்கிறார். பேசியவருக்கு இவருடைய சீனியும் தெரியாது, வாப்பாவின் கதையும் தெரியாது. பூண்டுச் சாறு இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்காது. மாத்திரையை நிறுத்தியதை வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மிச்சமிருக்கும் அட்டையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள். வைத்தியர் சொல்லும்வரை பாலத்து நடை வேண்டாம்.