வீட்டுக்கு ‘ஷல்வா’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: புது வீட்டுக்கு ‘ஷல்வா’ என்று பெயர் வைத்து, வாசல் கிரானைட்டில் எபிரெய எழுத்திலேயே பொறிக்க நினைத்திருக்கிறோம். சங்கீதம் 122:7இல் வரும் சொல், ஷாலோம் மாதிரியேதான், அமைதி என்று அர்த்தம் என்கிறான் மகன். எங்கள் சபை மூப்பர் ஒருவரோ, “அது சோதோமின் பாவத்தில் வருகிற வார்த்தை, வேண்டாம்” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சகோதரி, இருவர் சொல்வதும் சரிதான். மகன் மட்டும் ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார். ஷாலோமும் ஷல்வாவும் ஒரு வேரில் பிறந்தவை அல்ல. ஷாலோமின் வேர் ஷ-ல-ம. குறைவின்றி நிறைவாயிருப்பது, கடனைக் கொடுத்துத் தீர்ப்பது எல்லாம் அதிலிருந்து வருபவை. ஷல்வாவில் அந்த ‘ம’ கிடையாது. அதன் வேருக்கு நெருக்கடியில்லாமல் இருப்பது என்று பொருள்.

ஆனால் காதுக்கு இரண்டும் ஒட்டி ஒலிப்பது உண்மை. சங்கீதக்காரனே அதை வைத்து விளையாடியிருக்கிறான். 122:6இன் எபிரெயத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “ஷஅலூ ஷெலோம் யெருஷாலாயிம், யிஷ்லாயூ ஓஹவாயிக்.” ஷ, ல என்று திரும்பத் திரும்ப வந்து விழுகிறது, மோனை தெரிந்த நமக்கு இதன் ருசியை விளக்க வேண்டியதில்லை. “உன்னை நேசிக்கிறவர்கள் சுகித்திருப்பார்களாக” என்று நாம் வாசிக்கிறோமே, அந்த ‘யிஷ்லாயூ’ ஷல்வாவின் வினைச்சொல். அடுத்த வசனத்தில் இரண்டும் ஜோடியாக நிற்கின்றன. அலங்கத்துக்குள்ளே ஷாலோம், அரமனைகளுக்குள்ளே ஷல்வா. மதிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அந்த வகையில் உங்கள் தேர்வு பொருத்தமானதுதான்.

சரி, அது எந்த மாதிரி அமைதி? யோபு 3:26இல் யோபு புலம்பும்போது மூன்று வினைகளை அடுக்குகிறான். ஒன்று ஷல்வாவின் வினை. அடுத்தது ‘ஷாகத்’: சத்தம் அடங்கி ஓய்வது, நியாயாதிபதிகளில் “தேசம் நாற்பது வருஷம் அமைதலாயிருந்தது” என்பது இந்தச் சொல். மூன்றாவது ‘நூவாக்’: வந்து இறங்கி இளைப்பாறுவது, நோவாவின் பேழை அரராத் மலையில் தங்கியது இந்த வினையால். இந்த மூன்றும் தனக்கு இல்லை, வந்தது ‘ரோகெஸ்’, அதாவது கலக்கம் என்கிறான். ஷல்வா மனத்துக்குள் தேடிப்போகும் சாந்தியைவிட, வெளியிலிருந்து ஒருவரும் வந்து பிடுங்காத நிம்மதிக்குத்தான் நெருக்கம்.

இந்தப் பெயர்ச்சொல் எபிரெய வேதத்தில் 8 இடங்களில்தான் வருகிறது. நம் பழைய திருப்புதலை, அதாவது பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் இதை ஒரே தமிழ்ச் சொல்லில் அடைக்கவில்லை. சங்கீதத்தில் ‘சுகம்’. நீதிமொழிகள் 17:1இல், சண்டையோடு கூடிய விருந்தைவிட “அமரிக்கையோடே சாப்பிடும் வெறும் துணிக்கையே நலம்”. அதே நீதிமொழிகளில் 1:32க்கு வந்தால், “மூடரின் நிர்விசாரம் அவர்களை அழிக்கும்”. மூன்றும் ஷல்வாதான்! இதே வேரின் வினை 2 நாளாகமம் 29:11இல் “அசதியாயிராதேயுங்கள்” என்ற எச்சரிப்பாக வருகிறது. தொந்தரவு இல்லாதவன் கொஞ்சம் கொஞ்சமாக அசட்டையாகிவிடுவான் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இப்போது உங்கள் மூப்பர் சொன்ன எசேக்கியேல் 16:49. சோதோம் பட்டணத்தின் அக்கிரமம் என்று அது சொல்வது: கெர்வம், ஆகாரத்திரட்சி, அப்புறம் “நிர்விசாரமான சாங்கோபாங்கம்”. மூலத்தில் ‘ஷல்வத் ஹஷ்கேத்’, அதாவது அமைதியின் நிம்மதி. தனியாக எடுத்தால் இதில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் வசனத்தின் கடைசியில் இருக்கிறது: “சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை.” ‘நிர்விசாரம்’ என்ற தமிழ் இங்கே எவ்வளவு கச்சிதம் பாருங்கள். விசாரம் என்றால் கவலை. ஆனால் வீட்டுக்கு வந்தவரை ‘விசாரிப்பது’ என்றும் நாம் சொல்கிறோம். சோதோமுக்குக் கவலையும் இல்லை, அடுத்தவரை விசாரிக்கும் வழக்கமும் இல்லை. மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துத்தான் போட்டார்களா என்று சொல்ல முடியாது. எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

இதற்கு நேர் எதிராக ஓர் இடம் உண்டு. மூப்பரிடம் அதையும் காட்டுங்கள். தானியேல் 4:27, எபிரெயத்துக்கு நெருங்கிய உறவுள்ள அரமாயிக் மொழியில் எழுதப்பட்ட பகுதி. சிறுமையானவர்களுக்கு இரங்கும், அப்பொழுது “உம்முடைய வாழ்வு நீடித்திருக்கலாம்” என்று பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரிடம் தானியேல் சொல்கிறான். அங்கே ‘வாழ்வு’ என்று இருப்பது ஷல்வாவின் அரமாயிக் வடிவம். எசேக்கியேலில் ஏழையைக் கைவிட்டவளின் ஷல்வா. இங்கே ஏழைக்கு இரங்கினால் நீடிக்கும் ஷல்வா.

யூதர்கள் இந்தச் சொல்லைக் கண்டு பயப்படவில்லை. ஓய்வுநாள் பிற்பகல் ஜெபத்தில் ஷாலோம், ஷல்வா, ஹஷ்கேத் என்று வரிசையாகச் சொல்லி அப்படிப்பட்ட இளைப்பாறுதலைப் போற்றுகிறார்கள். எசேக்கியேல் சேர்த்துச் சொன்ன அதே இரண்டு சொற்களும் அங்கே ஆசீர்வாதமாகிவிட்டன. இன்றைய இஸ்ரேலில் பெண் குழந்தைகளுக்கு ஷல்வா என்று பெயர் வைக்கிறார்கள். நாட்டின் தெற்கே அந்தப் பெயரில் ஒரு கிராமமும் உண்டு. பெயரை மாற்ற வேண்டாம்.

எனக்குக் கவலையெல்லாம் கல்வெட்டுபவரைப் பற்றித்தான். எழுத்து நான்கு: ஷின், லாமெத், வாவ், ஹே. வலமிருந்து இடமாகப் போக வேண்டும். சில டிசைன் சாஃப்ட்வேர்கள் எபிரெயத்தை ஒட்டும்போது வரிசையை அப்படியே திருப்பிவிடும். அதனால் டைப் செய்து அனுப்பாமல், அச்சிட்ட எபிரெய வேதத்தில் சங்கீதம் 122:7ஐப் படமெடுத்து, சொல்லை வட்டமிட்டுக் கொடுங்கள்.

கடைசி எழுத்தான ஹே, பந்தல் மாதிரி இருக்கும். வலது கால் மேல் கோட்டோடு ஒட்டியிருக்கும், இடது கால் ஒட்டாமல் சின்ன இடைவெளி விட்டு நிற்கும். வெட்டுபவர் ‘விட்டுப்போச்சே’ என்று அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் அது ஹெத் என்ற வேறு எழுத்து. சொல் ‘ஷாலூவாக்’ ஆகி, ‘அனுப்பப்பட்டவன்’ என்று பொருள் தரும். ஹேயே விட்டுப்போனாலோ இன்னும் வேடிக்கை. மிச்சமிருக்கும் மூன்று எழுத்தை ‘நிம்மதியானவன்’ என்றும் படிக்கலாம், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தின்ற ‘காடை’ என்றும் படிக்கலாம். இன்றைக்கு எருசலேமிலிருந்து ஒருவர் வந்து உங்கள் வாசலில் நின்றால், பெரும்பாலும் ‘அவனுடையது’ என்றுதான் வாசிப்பார்.