ஒரே மையில் நாற்பது வாரம்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். இந்த ஆண்டு உள் தணிக்கைப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். போன மாதம் வரை கொள்முதல் குழுவிலும் இருந்தேன். எங்கிருந்து தொடங்குவது? இப்போதே என்னைக் கண்டால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுவிடுகிறது. (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: கொள்முதல் ஃபைலைத் தொடாதீர்கள். அதுதான் முதல் வேலை. நாம் பொறுப்பு வகித்த ஒரு பணியை, அதிலிருந்து விலகி 12 மாதம் ஆகும் முன் நாமே தணிக்கை செய்யக் கூடாது என்கின்றன உள் தணிக்கைக்கான உலகளாவிய தரநிலைகள். அவற்றின் புதிய பதிப்பு 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாம் எழுதியதில் உள்ள பிழை நம் கண்ணுக்குத் தெரியாது, விடைத்தாள் திருத்தும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கொள்முதலை வேறொருவர் பார்க்கட்டும் என்று கடிதமாகவே கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது.

அப்புறம், தொடக்கம். பலரும் கணக்குப் பிரிவில் போய் உட்காருவார்கள். நான் ஆய்வகத்துக்குப் போவேன். அங்கே பொருளைத் தொட்டுப் பார்க்கலாம். இருப்புப் பதிவேட்டில் ஐந்து நுண்ணோக்கிகளின் எண்களைக் குறித்துக்கொண்டு மேசைகளில் தேடுங்கள். பிறகு தலைகீழாக, மேசையில் இருக்கும் வேறு ஐந்தின் எண்களைப் பதிவேட்டில் தேடுங்கள். முதல் தேடலில் காணாமல் போனது தெரியும். இரண்டாவதில், பதிவேட்டில் ஏறாமலே உள்ளே வந்தது தெரியும். முதலாவதோடு எழுந்து வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு கல்லூரியில் வேதியியல் கழிவு அகற்றிய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். நாற்பது வாரம், நாற்பது பதிவு, ஒன்றுகூட விடுபடவில்லை. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. ஒரே நீல மை, ஒரே சாய்வு. ஆய்வகம் பூட்டியிருந்த விடுமுறை வாரத்திலும் கழிவு போயிருக்கிறது! ஆய்வக உதவியாளரைத் தனியே கேட்டேன். “மாசா மாசம் ஒழுங்கா அனுப்பிடறோம் சார். ரிஜிஸ்டர்ல வாரா வாரம் இருக்கணும்னாங்க, அதான் எழுதிட்டேன்” என்றார். அனுப்பிய ரசீதுகள் மாத வாரியாக அவரிடம் பத்திரமாக இருந்தன. சரி, வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது? விதியில் தேடினேன், இல்லை. எப்போதோ யாரோ படிவம் அச்சடித்தபோது வாரக் கட்டம் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பொய்ப் பதிவு பொய்ப் பதிவுதான், அதை அறிக்கையில் மறைக்கவில்லை. ஆனால் காரணம் என்ற இடத்தில் அந்த மனிதரின் பெயரை எழுதாமல் படிவத்தை எழுதினேன். அடுத்த ஆண்டு படிவம் மாறியது.

ஆசிரியர் அறைப் பேச்சுக்கும் இதுவே மருந்து. ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயம் இருக்கட்டும்: கண்டது என்ன, இருக்க வேண்டியது என்ன, ஏன் இப்படி ஆனது, இதனால் என்ன கெடும். மூன்றாவதுதான் கடினம். அங்கே ‘கவனக்குறைவு’ என்று எழுத நேர்ந்தால் நீங்கள் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை என்று அர்த்தம். வரைவைச் சம்பந்தப்பட்ட துறைத் தலைவரிடம் காட்டிப் பதில் வாங்கிய பிறகே மேலே அனுப்புங்கள். மேலே என்றால் ஆட்சிக் குழு. நிதி அலுவலர் பார்த்துக் கழித்தது போக மிச்சம்தான் அங்கே போகும் என்றால் இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. “மேடம், நீங்களே எங்க ஃபைலையும் சரிபண்ணிக் கொடுத்துடுங்களேன்” என்று அன்பாக வருவார்கள். செய்தால் அடுத்த ஆண்டு அதையும் உங்களால் தணிக்கை செய்ய முடியாது.

கேள்வி: ஆண்டுதோறும் வெளி ஆடிட்டர் வருகிறாரே, உள்ளுக்குள் இன்னொன்று எதற்கு?

பதில்: நிதி அறிக்கை உண்மை நிலையைக் காட்டுகிறதா என்பதே அவருடைய கவலை. மாணவர் குறைதீர் குழு கடைசியாக எப்போது கூடியது என்று அவர் கேட்க மாட்டார்.

கேள்வி: தேர்வுப் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். ஆய்வுக் குழு வரப்போகிறது. நடக்காத இரண்டு கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதி, பழைய தேதி போடச் சொல்கிறார்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களாம். நான் மட்டும் மறுக்க முடியுமா?

பதில்: கூட்டம் நடக்கவில்லை என்பது ஒரு குறை, விளக்கம் சொன்னால் பெரும்பாலும் தீரும். நடந்ததாக எழுதினால் அது ஆவண மோசடி. தட்டச்சு செய்த கணினி, கோப்பு உருவான நாளைத் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். அன்றைக்கு விடுப்பில் இருந்த உறுப்பினரின் கையெழுத்தும் அதில் இருந்தால், வருகைப் பதிவேடே காட்டிக்கொடுத்துவிடும். முகத்துக்கு நேரே மறுப்பது சங்கடம் என்றால் இப்படிச் செய்யுங்கள்: ‘இந்த இரு கூட்டங்களும் நடைபெறவில்லை, நிலுவைப் பொருள்களுக்கு உடனடியாகக் கூட்டம் கூட்ட அனுமதி கோரப்படுகிறது’ என்று இன்றைய தேதியிட்டு ஒரு அலுவலகக் குறிப்பு வையுங்கள். கேட்டவர் அதன் மேல் ஏதாவது எழுதித்தான் திருப்ப வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் சொல்ல அவருக்குக் கை வராது. குறிப்பின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.