பழைய விசிஆர்ல டிஷ் சேனல் ரெக்கார்ட் பண்ண முடியுமா? அதே நேரத்துல வேற சேனல் பாக்க முடியுமா?

நீங்க கேட்டது இதுதானே, பரண்ல கிடந்த விசிஆர, அதாவது வீடியோ கேசட்ல படம் பிடிக்கிற பழைய பெட்டிய, எடுத்து தொடச்சு வச்சாச்சு, வீட்ல மாச சந்தா கட்டுற டிஷ் பாக்ஸ் ஒண்ணு இருக்கு, டிடி தமிழ்ல ராத்திரி வர்ற கச்சேரிய டேப்ல பிடிக்கணும், அம்மா பாக்குற சீரியலும் நிக்கக் கூடாது. முதல் பாதி தாராளமா முடியும். ரெண்டாவது பாதி ஒரே பாக்ஸ வச்சுக்கிட்டு முடியவே முடியாது. நான் கொஞ்ச வருஷம் கேபிள், டிஷ் மாட்டுற வேலை பாத்தவன், இத நிறைய வீட்ல விளக்கி விளக்கி வாய் வலிச்சிருக்கு.

90கள்ல கேபிள் ஒயர் நேரா விசிஆருக்குள்ள போகும், அங்கேர்ந்து டிவிக்குப் போகும். விசிஆருக்குள்ள ஒரு ட்யூனர் (சேனல பிடிக்கிற பகுதி), டிவிக்குள்ள ஒரு ட்யூனர், ரெண்டும் தனித்தனி, அதனால விசிஆர் ஒரு சேனல பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதே நீங்க வேற சேனல் பாத்துக்கலாம். டிஷ்ல அப்படி இல்ல. லாக் தொறந்து சேனல பிரிச்சுக் கொடுக்குறது அந்த பாக்ஸ் மட்டும்தான், அது வெளிய விடுறது ஒரே ஒரு படம். பாக்ஸ்ல என்ன ஓடுதோ அதான் டேப்ல ஏறும். நடுவுல யாராவது ரிமோட்ட எடுத்து சீரியலுக்கு மாத்தினா டேப்லயும் கச்சேரி போய் சீரியல் வந்துரும், கீழ வர்ற ப்ரோகிராம் பேரு, வால்யூம் பட்டை எல்லாம் கூடவே பதிவாகும். அதனால ரெக்கார்ட் ஓடும்போது பாக்ஸ் ரிமோட்ட ஒளிச்சு வைங்க, சத்தத்த டிவி ரிமோட்ல மட்டும் கூட்டிக் குறைங்க.

இன்னொண்ணு, மொட்டை மாடி டிஷ்லேர்ந்து வர்ற ஒயர நேரா விசிஆர் பின்னாடி ஆன்டெனா ஓட்டைல சொருக ட்ரை பண்றவங்க இருக்காங்க. ஒண்ணும் வராது. அந்த ஒயர்ல வர்றது 950லேர்ந்து 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சிக்னல், விசிஆர் ட்யூனர் அவ்ளோ மேல போகாது, அது போக டிஷ் தலைல இருக்குற எல்என்பிங்குற சிக்னல் வாங்குற கருவிக்கு பாக்ஸ்தான் அதே ஒயர் வழியா 13 இல்ல 18 வோல்ட் கரண்ட் அனுப்பணும்.

சரி, கனெக்‌ஷன். பாக்ஸ் பின்னாடி ஏவி அவுட்னு மஞ்சள், வெள்ளை, சிவப்பு இருக்கும், அத விசிஆரோட ஏவி இன்ல மாட்டுங்க. மஞ்சள் படம், மத்த ரெண்டும் சத்தம். பழைய விசிஆர்ல சத்தத்துக்கு ஒரே ஓட்டைதான் இருந்தா வெள்ளைய மட்டும் போடுங்க. விசிஆர் அவுட்டு டிவிக்கு. அப்புறம் விசிஆர்ல சேனல மாத்திக்கிட்டே போய் ஏவி இல்ல எல்1னு வர்ற இடத்துல நிறுத்தணும், பாதிப் பேரு இத விட்டுட்டுதான் படம் வரலைன்னு கூப்பிடுவாங்க.

புது பாக்ஸ்ல மூணு ஓட்டைக்குப் பதிலா ஹெட்ஃபோன் ஓட்டை மாதிரி ஒண்ணுதான் இருக்கும். அதுக்கான ஒயர் எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள இணைப்பு ஒண்ணுக்கொண்ணு வேற. படம் வராம ஸ்பீக்கர்ல கர்ருனு சத்தம் வந்தா சிவப்பையும் மஞ்சளையும் மாத்திப் போட்டுப் பாருங்க, பல ஒயர்ல அதுலயே சரியாயிரும், இல்லைன்னா அந்த பாக்ஸுக்குன்னே வர்ற ஒயர்தான் வாங்கணும்.

இவ்ளோ பண்ணியும் படம் ஒரு நேரம் பளிச்சுனும் ஒரு நேரம் இருட்டாவும் மாறி மாறி வந்தா, அந்த சேனலுக்கு காப்பி தடை சிக்னல் சேத்து விடுறாங்கன்னு சந்தேகப்படலாம். விசிஆருக்குள்ள டேப்ப படிக்கிற ஹெட்ட கழட்டி தொடச்சு நேரத்த வீணாக்காதீங்க.

டைமர் வச்சுட்டுத் தூங்கப் போறீங்கன்னா விசிஆர்ல மட்டும் வச்சா பத்தாது, பாக்ஸும் முன்னாடியே அந்த சேனல்ல ஆன்ல நிக்கணும். சில பாக்ஸ் கொஞ்ச நேரம் ரிமோட் தொடலைன்னா தானா ஸ்டாண்ட்பைக்குப் போயிரும், அந்த செட்டிங்க அணைச்சு வைங்க. கரண்ட் ஒரு தடவ போய் வந்தா பல விசிஆர்ல கடிகாரம் அழிஞ்சு மின்னிக்கிட்டு நிக்கும், டைமரும் போச்சு, அதனால ரெண்டையும் யூபிஎஸ்ல போடுங்க. கனமழை பேஞ்சா சிக்னலே போயிரும், அதுக்கு வழி இல்ல. ஈ-180 டேப்னா எஸ்பில (சாதாரண வேகம்) 3 மணி நேரம், கச்சேரிக்கு அது போதும், எல்பில (பாதி வேகம்) போட்டா 6 மணி நேரம் வரும் ஆனா தம்புரா ஸ்ருதி எல்லாம் இரைச்சலோட கேக்கும்.

ஆனா என்னைக் கேட்டா இதுக்காக விசிஆர நம்பவே வேணாம். கடைசி வரைக்கும் விசிஆர் செஞ்சுக்கிட்டிருந்த ஃபுனாய் கம்பெனியே 2016ல நிறுத்திருச்சு, ரப்பர் பெல்ட் போனா மாத்தறதுக்கு ஆள் தேடணும். சந்தா பாக்ஸ்ல பென் டிரைவ் போட்டு ரெக்கார்ட் பண்ணலாம்தான், ஆனா பெரும்பாலும் அது லாக் ஆகி அதே பாக்ஸ்ல மட்டும்தான் ஓடும், பாக்ஸ் மாத்தினா எல்லாம் போச்சு. எச்டிஎம்ஐ வழியா படத்த கம்ப்யூட்டர்ல பதியுற கேப்சர் கார்டும், எச்டிசிபிங்குற காப்பி தடை பூட்டு இருக்குறதால சரிப்படாது.

உங்களுக்கு வேண்டியது டிடி தமிழ் கச்சேரிதானே. டிடி ஃப்ரீ டிஷ்ல அது சந்தா இல்லாமயே வரும். எம்பெக்-4 (படத்த சுருக்கி அனுப்புற ஒரு முறை) பாக்ஸா, ரிமோட்ல ரெக்கார்ட் பட்டன் இருக்குறதா பாத்து ஒண்ணு வாங்கி, 93.5 டிகிரி கிழக்குல இருக்குற சாட்டிலைட்ட பாத்து ஒரு தனி டிஷ்ஷ திருப்பி வச்சு, பென் டிரைவ்ல ரெக்கார்ட் பண்ணுங்க. ஃப்ரீ சேனல்ல வர்ற ஃபைல் பல பாக்ஸ்ல பூட்டு இல்லாத சாதாரண டிஎஸ் வீடியோ ஃபைலாதான் இருக்கும், கம்ப்யூட்டர்ல விஎல்சி ப்ளேயர்ல அப்படியே ஓடும், ஆனாலும் வாங்குறதுக்கு முன்னாடி கடைலயே ஒரு நிமிஷம் பதிஞ்சு பாத்துருங்க. செகண்டுக்கு 3 மெகாபிட்னு வச்சா மணிக்கு கிட்டத்தட்ட 1.3 ஜிபி ஆகும், பென் டிரைவ் ஃபேட்32ங்குற ஃபார்மட்ல இருந்தா ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்டாது, அதுக்கு மேல போனா பாக்ஸ் துண்டா வெட்டும் இல்லைன்னா நிறுத்திரும். சந்தா பாக்ஸ் பாட்டுக்கு ஹால்ல அம்மாகிட்ட கிடக்கட்டும்.