போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிட்டால் போயே ஆக வேண்டுமா?

கேட்டவரின் நிலைமை இது: கொடுக்கல் வாங்கல் தகராறில் எதிர்த்தரப்பு பெட்டிஷன் கொடுத்திருக்கிறது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துடு" என்று ஸ்டேஷனிலிருந்து போன். போகாவிட்டால் கைது செய்வார்களா?

போனில் கூப்பிட்டு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை. எழுத்தில் வந்த சம்மனை மதிக்காமல் விட்டால்தான் சிக்கல். அதனால் போனில் மரியாதையாக, "சார், சம்மன் அனுப்புங்க, கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லிவிட்டு சி.எஸ்.ஆர். நம்பர் (பெட்டிஷனைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது எண்), மனுதாரர் பெயர், விசாரிக்கும் அதிகாரியின் பெயர், பதவி நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே இதையெல்லாம் எழுதி இன்ஸ்பெக்டருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு ஒரு நகல். "கூப்பிட்டும் வரவில்லை" என்று பிறகு யாரும் எழுத முடியாது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. போய், அதன் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. வழக்கின் விவரம் தெரிந்தவரைக் கூப்பிட 179-ஆவது பிரிவு (பழைய 160). அதற்கு எழுத்துமூல உத்தரவு வேண்டும்; அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் கூப்பிடலாம். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த பையன்கள், 60 வயது தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் 35(3) நோட்டீஸ் (பழைய 41ஏ). இதற்குக் கட்டாயம் ஆஜராக வேண்டும். தவறினால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். இந்த நோட்டீஸ்களை வாட்ஸப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆண்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது ஸ்டேஷனுக்குப் போன பிறகுதான். "பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "இத்தனை நாளில் பணத்தைத் தந்துவிடுகிறேன்" என்று எழுதி வாங்குவார். அந்தத் தாள் பிறகு சிவில் கோர்ட்டில் நீங்களே கடனை ஒப்புக்கொண்டதாக வந்து நிற்கும். கடனை வசூலித்துக் கொடுப்பதும் குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பதும் போலீஸின் வேலையே இல்லை. அது சிவில் கோர்ட்டின் வேலை. அதைச் செய்யும் ஸ்டேஷன் தன் அதிகாரத்தை மீறுகிறது, அதைப் பொறுத்துப்போகத் தேவையில்லை. நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடலாம்; பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதுங்கள். விசாரணையில் நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181-ஆவது பிரிவே சொல்கிறது. "நான் சொன்னதை எழுதிக்கங்க சார், கையெழுத்து வேண்டியதில்லை" என்று சொன்னால் போதும், சண்டை வேண்டாம். தனியாகப் போகாமல் வக்கீலோடு போங்கள்.

பெட்டிஷன் விசாரணை என்றாலும் தேதி, நேரம் போட்டு எழுத்தில் அழைக்க வேண்டும், நடந்ததை ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடான ஜெனரல் டைரியில் பதிய வேண்டும், வந்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளில் சொல்லியிருக்கிறது. அப்படியும் தினமும் வரச்சொல்லி உட்கார வைத்தால், போன் வந்த தேதி, நேரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள். 528-ஆவது பிரிவில் (பழைய 482) உயர் நீதிமன்றத்தில் மனு போட அந்த இரண்டும்தான் முதலில் தேவைப்படும்.