இரவு பத்தே முக்காலுக்குப் போன ஆடியோ

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். வயது 62. ஏழு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து, இரவு எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிக்கு மேல்தான் எழுந்திருக்கிறேன். ஒரு சேனலில் விளம்பரம் போட்டால் அடுத்த சேனல் விவாதத்துக்குப் போய்விடுவேன். நான் ஆதரிக்கும் கட்சியைப் பற்றிப் பொய் சொன்னால் டிவியைப் பார்த்தே கத்துகிறேன். அப்புறம் தூக்கம் வருவதில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், விவாதம் முடிந்த சூட்டில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கை கணவருக்கு ஓர் ஆடியோ அனுப்பிவிட்டேன். அவருக்கு வேறு கட்சி. 'உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நாடு கெட்டுச்சு' என்று ஆரம்பித்து அவருடைய சம்பாத்தியம் வரைக்கும் போய்விட்டேன். மறுநாள் காலை தங்கை குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். அதற்குப் பிறகு போன் இல்லை. வைகாசியில் அவள் பெண்ணுக்குக் கல்யாணம். நான்தான் ஒரே தாய்மாமன். என் மனைவி கேபிளையே எடுத்துவிடச் சொல்கிறாள். நாட்டு நடப்பில் அக்கறை இருப்பது தப்பா? வயதில் மூத்த நான் எப்படி முதலில் இறங்கிப் போவது?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். மூன்று பக்கம் முழுக்கக் கட்சிகளும் பேச்சாளர்களும். தங்கையைப் பற்றி எட்டே வரி. கல்யாணம் என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது. அதையும் ஒரு தடவை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அந்த அடித்தலைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மனசு எங்கே கிடக்கிறது என்று அது சொல்லிவிட்டது.

அக்கறை தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை. ஏழு தேர்தலுக்கு மெஷினையும் பெட்டியையும் கூடவே கொண்டுபோய், தெரியாத ஊர் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ராத்திரி படுத்து, மறுநாள் விடிவதற்கு முன் எழுந்து சாவடியைத் தயார் செய்த மனிதர் நீங்கள். உங்களுக்குத் தேர்தல்மேல் அக்கறை இல்லாமல் யாருக்கு இருக்கப்போகிறது? அந்த அக்கறை ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் எங்கே போகிறது என்பதுதான் என் கவலை.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு தேர்தல் நேரத்தில், என்னையும் இப்படி ஒரு விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். பெண்களுக்கான வாக்குறுதிகள்தான் தலைப்பு. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போதே நிகழ்ச்சியை ஒருங்கிணைக்கும் தம்பி வந்தார். 'மேடம், உங்க முறை வரட்டும்னு காத்திருந்தா வராது. நடுவுல புகுந்துடுங்க' என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குப் பக்கத்தில் ஒரு பேராசிரியர். ரேஷன் கடைகளைப் பற்றி நான்கு தாளில், கையால் எழுதிய கணக்கு கொண்டுவந்திருந்தார். நாங்கள் ஆறு பேர். நிகழ்ச்சி ஒரு மணி நேரம். விளம்பரமும் நெறியாளர் பேச்சும் போக, ஆளுக்கு ஐந்தாறு நிமிஷம் கிடைத்தால் அதிகம். பேராசிரியர் முதல் தாளில் மூன்றாவது வரிக்கு வந்தபோது, இரண்டு செய்தித் தொடர்பாளர்கள் 'உங்க ஆட்சியில என்ன நடந்துச்சு' என்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு மறுபடி வாய்ப்பு வரவே இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தாள்களை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். மறுநாள் அந்தச் சேனல் யூடியூபில் தனியாக வெட்டிப் போட்டது அந்தச் சண்டையை மட்டும்தான்.

அன்றைக்கு ராத்திரியும் உங்களை மாதிரி எத்தனையோ பேர் வீட்டில் கத்தியிருப்பார்கள், தூங்காமல் இருந்திருப்பார்கள். ரேஷன் கணக்கு ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

டயானா மட்ஸ் என்று ஓர் அமெரிக்க அரசியல் அறிஞர். இந்த விஷயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார். நடிகர்களை வேட்பாளர்களாக உட்காரவைத்து, ஒரே வாதங்களை இரண்டு விதமாகப் பேசவைத்தார். ஒன்றில் மரியாதையாகப் பேசினார்கள். இன்னொன்றில் குறுக்கே பாய்ந்தார்கள், கண்ணை உருட்டினார்கள், தலையை ஆட்டி ஏளனம் செய்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வில், சண்டையைப் பார்த்தவர்களுக்கு அரசியல்வாதிகள்மேல் இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. ஆனால் பார்க்கச் சுவையாக இருந்தது அந்தச் சண்டைதான் என்றும் அவர்கள் சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்து வந்த இன்னொரு ஆய்வில் கேமராவைக் கவனித்தார். மரியாதையில்லாமல் பேசுகிறவரின் முகத்தை மிக நெருக்கமாகக் காட்டினால் பார்ப்பவர்களின் உடம்பே படபடக்கிறது. எதிர்த்தரப்பு சொல்வதில் ஏதாவது நியாயம் இருக்கும் என்று எண்ணக்கூட மனசு வருவதில்லை. திரையை ஆறு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு முகமாக அடைத்துக் காட்டும் நம் விவாதங்களை இத்தோடு வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையை 'உங்களை மாதிரி ஆளுங்க' என்று சொல்லவைத்த வேகம் எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குப் புரிகிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1960 செப்டம்பரில் கென்னடியும் நிக்சனும் டிவியில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். அங்கே பதவிக்கு நிற்கிறவர்களே வந்து பேசுகிறார்கள். நம் ஊரில் ராத்திரி வந்து உட்காருவது பெரும்பாலும் செய்தித் தொடர்பாளர்களும் விமர்சகர்களும்தான். அவர்களில் கும்பகோணம் தொகுதியில் உங்களிடம் ஓட்டுக் கேட்கப்போகிறவர் எத்தனை பேர்? உங்கள் தெருச் சாக்கடைக்கும், நீங்கள் வேலை பார்த்த பள்ளியின் கட்டடத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்தக் கட்டங்களில் இல்லை.

சரி, இப்போது கையில் இருக்கும் போனுக்கு வருவோம். நான் கேபிளை எடுக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி கேபிள்மேல் உள்ள கோபத்தில் அப்படிச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொல்கிறார். ஆனால் விவாதம் ஓடும் நேரத்தில் போன் உங்கள் கையில் இருக்கக் கூடாது. அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். 2010இல் பிரிட்டனில் தலைவர்கள் விவாதம் நடந்தபோது, திரைக்குக் கீழே ஒரு கோடு ஏறி இறங்கும். பார்வையாளர் சிலருக்குப் பேச்சு பிடிக்கிறதா இல்லையா என்பதை அந்த நிமிஷமே காட்டும் கோடு அது. உளவியல் ஆய்வாளர்கள் 150 பேரை இரண்டு குழுவாக உட்காரவைத்து, அந்தக் கோட்டைத் தாங்களே திருத்திக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு அப்போதைய பிரதமர் கார்டன் பிரவுன் பக்கம் கோடு ஏறியது. இன்னொரு குழுவுக்கு வேறொரு கட்சித் தலைவர் நிக் கிளெக் பக்கம். எந்தப் பக்கம் கோடு ஏறியதோ அவரே ஜெயித்தார் என்று அந்தந்தக் குழுவில் பலருக்குத் தோன்றிவிட்டது. பேச்சு ஒன்றுதான். அடுத்தவர் கைதட்டியது மாதிரி ஒரு கோடு தெரிந்ததும் நம் தீர்ப்பே மாறிவிடுகிறது. விவாதத்தைப் பார்த்துக்கொண்டே நண்பர்கள் குழுவில் வந்து விழும் கைதட்டலையும் கெட்ட வார்த்தையையும் படித்துக்கொண்டிருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கொதிப்பில் அழுத்திய பட்டன்தான் அந்த ஆடியோ.

உங்களிடம் ஒரு வாத்தியார் இருக்கிறாரே, அவரைக் கூப்பிடுங்கள். வகுப்பில் ஆறு பையன்கள் ஒரே நேரத்தில் கத்தினால் நீங்கள் ஏழாவதாகச் சேர்ந்து கத்தியிருப்பீர்களா? ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விவாதம், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். யார் என்ன சொன்னார், எந்த வருஷத்துக் கணக்கு சொன்னார், எங்கிருந்து எடுத்தேன் என்று சொன்னாரா என்று மட்டும் குறித்து வையுங்கள். அன்றைக்கு ராத்திரி யாருக்கும் எதுவும் அனுப்பாதீர்கள். காலையில் காபி குடித்துவிட்டு அந்த நோட்டைத் திறந்து சிவப்பு மை பேனாவால் திருத்துங்கள். உங்கள் கட்சிக்காரர் சொன்னதையும் அதே பேனாவால், அதே கண்டிப்போடு திருத்த வேண்டும். இது கஷ்டமாக இருக்கும். சொந்தப் பையன் படிக்கும் வகுப்பிலேயே பாடம் எடுத்த வாத்தியார்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

ஒரு ராத்திரி தள்ளிப்போடுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்தப் பகுதியில் டிவி வழியாகத் தேர்தல் பிரசாரம் காட்டக் கூடாது என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆவது பிரிவு சொல்கிறது. நீங்கள் வேலை பார்த்த தேர்தல்களில் இருந்த விதிதான். ஓட்டுப் போடுகிறவருக்குச் சத்தம் இல்லாமல் யோசிக்க இரண்டு நாள் வேண்டும் என்று சட்டமே நினைத்திருக்கிறது. நான் உங்களிடம் கேட்பது தினமும் ஒரு ராத்திரிதான்.

காலையில் மிச்சம் இருக்கும் கோபத்துக்கு நல்ல வேலைகள் இருக்கின்றன. உங்கள் தொகுதி வேட்பாளர்கள் வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரம், படிவம் 26, தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கிறது. வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2002இல் கொடுத்த தீர்ப்பால் நமக்குக் கிடைத்தது அது. குற்ற வழக்கு இருக்கிறவர்கள் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று தடவை விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. உங்கள் தெருவில் முதல் ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகள் நாலு பேரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து அதைப் படித்துக் காட்டுங்கள். விவாதத்தில் சொன்னது அப்பட்டமான பொய் என்று ஆதாரத்தோடு தெரிந்தால் சேனலுக்கே எழுதுங்கள். புகாருக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும், 2021 முதல் அதற்கு விதி இருக்கிறது. அப்புறம், தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். இந்த வாரமே பிரஷர் பார்த்துவிடுங்கள்.

இப்போது தங்கை வீடு. மூத்தவன் எப்படி முதலில் போவது என்று கேட்டீர்கள். வார்த்தையை விட்டவர்தான் போக வேண்டும், ஐயா. மூன்று வாரமாக மாப்பிள்ளை உங்களைப் பற்றி அந்தக் குழுவில் ஒரு வார்த்தை பதிலுக்கு எழுதியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதியிருந்தால் மூன்று பக்கத்தில் ஏதாவது ஒரு மூலையில் அது கண்டிப்பாக வந்திருக்கும். அப்படியானால் அவர் பொறுத்துக்கொண்டிருக்கிறார். கட்சியைத் திட்டியதை அவர் என்றைக்கோ மறந்திருக்கலாம். பெண்ணுக்குக் கல்யாணச் செலவு பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்க, அவர் சம்பாத்தியத்தைப் பேசியதுதான் குத்தியிருக்கும். தங்கைக்கும் அதுதான். அவள் வெளியேறியது உங்கள் கட்சியைவிட்டு இல்லை.

போனில் சொல்லாதீர்கள். நேரில் போங்கள், உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் போய்விடுங்கள். 'மாப்பிள்ளை, அன்னைக்கு ராத்திரி நான் பேசினது தப்பு. உங்க உழைப்பைப் பத்திப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.' இவ்வளவு போதும். இதற்குப் பிறகு 'ஆனா' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் அந்தச் சேனல் விவாதம் முழுக்க வந்துவிடும். அவர் கோபமாக நாலு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும், ஆடியோ போட்ட அதே குழுவில், ஒரே வரியில் மன்னிப்பு எழுதுங்கள். எல்லாரும் கேட்கச் சொன்னதை எல்லாரும் பார்க்கத் திருப்பி வாங்க வேண்டும்.

அவர் ஓட்டு மாறாது, உங்கள் ஓட்டும் மாற வேண்டாம். வாக்குச்சாவடியில் நீங்கள் பார்த்திருப்பீர்களே, காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, குறைந்தது 50 ஓட்டுப் போட்டு எண்ணிக் காட்டும்போது, எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். சாயங்காலம் வரை அப்படியேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

தங்கை உடனே பேசாமல் இருக்கலாம். அடுப்படியிலேயே நின்றுகொண்டிருக்கலாம். நீங்களே உள்ளே போய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். குடித்துவிட்டு, தாய்மாமன் சீருக்கு எத்தனை தட்டு வைக்கட்டும், பட்டு என்ன நிறத்தில் எடுக்கட்டும் என்று அவளிடமே கேளுங்கள்.