கார்பன் ரோட் பைக்: முழுசா வாங்குறதா, ஃபிரேம் வாங்கி நானே பில்ட் பண்றதா?

அஞ்சு வருஷமா அலுமினிய ரோட் பைக் ஓட்டுறேன், இப்ப நல்ல கார்பன் பைக்குக்கு மாறணும், முழு பைக்கா வாங்கவா இல்ல ஃபிரேம்செட் (ஃபிரேமும் ஃபோர்க்கும்) வாங்கி நானே ஒவ்வொண்ணா மாட்டவா, காசை எதுல போடணும்னு கேட்டிருக்கீங்க. நான் இதை ரெண்டு தடவை பண்ணியிருக்கேன், முதல் தடவை தப்பா, ரெண்டாவது தடவை சரியா. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல நேரடியா பதில். அதே பார்ட்ஸ், அதே ஃபிரேம்னா முழு பைக் வாங்குறதுதான் மலிவு, ஏன்னா கம்பெனி குரூப்செட்டை (கியர், பிரேக், கிராங்க் எல்லாம் சேர்ந்த செட்) மொத்தமா வாங்குது, நாம ஒண்ணொண்ணா வாங்குறோம். அப்ப எதுக்கு பில்ட் பண்ணணும்னா, கடையில வர்ற பைக்ல கிராங்க் (பெடல் மாட்டுற கை) நீளம், ஹேண்டில்பார் அகலம், ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோட இணைக்கிற துண்டு), கேசட் (பின்பக்க பல்சக்கரங்கள்), சாடில் (சீட்) இதெல்லாம் அந்த சைஸுக்கு ஒரு சராசரி ஆளை நெனச்சு போட்டிருப்பாங்க, உங்க உடம்பு அந்த சராசரியில இல்லைன்னா வாங்கின உடனே நாலு பார்ட்டைக் கழட்டி மாத்தணும், அப்படி மாத்துற லிஸ்ட் மூணு நாலுக்கு மேல போச்சுன்னா பில்ட் பண்றதுதான் சரி. ஒண்ணு ரெண்டுதான்னா முழு பைக் வாங்கி அதை மட்டும் மாத்திக்கோங்க.

என் முதல் பில்ட்ல நான் ஃபிரேமை வடிவத்தைப் பார்த்து வாங்கினேன். ரேஸ் ஃபிரேம், சீட் ட்யூப் பின் வீலை ஒட்டி வளைஞ்சு இறங்கும், பார்த்த அன்னிக்கே மனசு அதுலயே போய் நின்னுடுச்சு. என் பழைய அலுமினிய பைக்கோட ஸ்டாக் 560 மிமீ, ரீச் 378 மிமீ, அதுல அஞ்சு மணி நேரம் ஓட்டினாலும் ஒண்ணும் வலிக்காது. புது ஃபிரேம் ஸ்டாக் 530, ரீச் 395. சைஸ் நம்பர் ரெண்டுலயும் ஒண்ணுதான், அதைப் பார்த்துதான் ஏமாந்தேன். ஸ்டாக்னா பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுத்துற பேரிங் இருக்கற இடம்) நடுவுலேர்ந்து ஹெட் ட்யூப் (ஃபோர்க் ஏறுற முன்பக்கக் குழாய்) மேல்முனை வரைக்கும் உள்ள உயரம், ரீச்னா அதே ரெண்டு புள்ளிக்கு நடுவுல படுக்கைவாக்குல உள்ள தூரம். சரி உயரம் கம்மின்னா ஸ்டெம்முக்குக் கீழ ஸ்பேசர் (வளையம்) போட்டுக்கலாம்னு நெனச்சேன், ஆனா மேனுவல்ல 30 மிமீக்கு மேல ஸ்பேசர் போடக்கூடாதுன்னு இருந்துச்சு, ஹெட் ட்யூப் 73 டிகிரி சாய்வுல இருக்கறதால 10 மிமீ ஸ்பேசர் போட்டா உயரம் ஏறக்குறைய 9.6 மிமீதான் கூடும், கூடவே ஹேண்டில்பார் 3 மிமீ பின்னாடியும் வரும், அந்தக் கணக்குல முழு 30 போட்டாத்தான் பழைய ஃபிரேமோட வெறும் உயரத்தையே ஏறக்குறைய எட்டுச்சு, அப்பவும் பார் 8 மிமீ முன்னாடி நின்னுச்சு. மூணாவது மணி நேரத்துல கழுத்து பிடிச்சுக்கும், சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிட்டு அப்புறம் வித்துட்டேன்.

அதனால வேற எதையும் பார்க்குறதுக்கு முன்னாடி உங்க இப்போதைய பைக்கை அளங்க. பாட்டம் பிராக்கெட் நடுவுலேர்ந்து சாடில் மேல்தட்டு வரைக்கும், சாடில் முனையிலேர்ந்து ஹேண்டில்பார் நடு வரைக்கும், தரையிலேர்ந்து சாடில் உயரம், தரையிலேர்ந்து பார் உயரம். முடிஞ்சா ஒரு நல்ல ஃபிட்டர்கிட்ட உட்கார்ந்து எடுங்க. அந்த நாலு அளவும் 90லேர்ந்து 110 மிமீக்குள்ள ஒரு ஸ்டெம்லயும் 20 மிமீக்குள்ள ஸ்பேசர்லயும் எந்த ஃபிரேம்ல அமையுதோ அதுல மட்டும் தேடுங்க. அமையாத ஃபிரேம் எவ்வளவு அழகா இருந்தாலும், யார் ஓட்டி ஜெயிச்சிருந்தாலும், அது உங்க ஃபிரேம் இல்ல.

அடுத்தது நான் ரொம்ப அழுத்தமா சொல்ல விரும்புறது பாட்டம் பிராக்கெட். யாரும் ஃபிரேம் வாங்கும்போது இதைக் கேக்கறதே இல்ல. என் முதல் ஃபிரேம் பிரெஸ்ஃபிட், அதாவது மரை இல்லாம பேரிங்கை அமுக்கி ஏத்துற வகை. ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டினதும் எழுந்து நின்னு மிதிக்கும்போது மட்டும் வலது காலுக்கு ஒரு தடவை ‘டிக்’னு சத்தம். சீட் போஸ்டைக் கழட்டி துடைச்சு மாட்டினேன், சாடில் ரெயிலுக்கு கிரீஸ் வெச்சேன், பெடலை மாத்தினேன், செயின்ரிங் போல்ட்டை எல்லாம் டைட் பண்ணேன், மூணு வாரம் போச்சு. கடைசியில பாட்டம் பிராக்கெட்டை வெளிய தட்டி எடுத்து ஷெல்லை (ஃபிரேம்ல அது உட்காருற குழாயை) வெர்னியர்ல அளந்தா, குறுக்குல ஒரு அளவு நெடுக்குல ஒரு அளவு, வட்டமே முழு வட்டமா இல்ல. பிரெஸ்ஃபிட்ல ரெண்டு கப்பும் தனித்தனியா அமுக்கி ஏத்துறது, ஷெல் கொஞ்சம் கோணினாலும் ரெண்டு பேரிங்கும் ஒரே கோட்டுல நிக்காது, ஒவ்வொரு மிதிக்கும் கப் ஒரு இம்மி அசையும், அதுதான் அந்த சத்தம். நல்லா செஞ்ச பிரெஸ்ஃபிட் ஃபிரேமும் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்களே வீட்ல வேலை பார்க்கப் போறீங்கன்னா மரை உள்ள ஷெல்லா பாருங்க. ஒண்ணு பழைய பிஎஸ்ஏ, 68 மிமீ அகலம், இல்ல டி47, இது விட்டம் பெரிய ஷெல், பெரிய ஆக்ஸிலும் உள்ள போகும், நிறைய புது ஃபிரேம்ல இப்ப இதுதான் வருது. ரெண்டுலயும் செயின் பக்கம் இடது மரை, அதாவது இடப்பக்கமா சுத்தினாதான் டைட் ஆகும், இதை மறந்துட்டு பலம் கொடுத்தா மரை போயிடும்.

கார்பன் கிரேடு பத்தி எல்லாரும் கேப்பாங்க. டோரேங்கற கம்பெனியோட கார்பன் நார் டி700, டி800, டி1000, எம்40ஜேன்னு விளம்பரத்துல பெருசா போடுவாங்க. டி700ஓட விறைப்பு 230 கிகாபாஸ்கல், எம்40ஜே 377, வித்தியாசம் நிஜம்தான், ஆனா விறைப்பு கூடக்கூட நார் சட்டுனு உடையற குணமும் கூடும், அதனால எந்த ஃபிரேமும் ஒரே நார்ல முழுசா செய்யறது இல்ல, எந்த இடத்துல எந்தத் துண்டை எந்தக் கோணத்துல எத்தனை அடுக்கு போடுறாங்கங்கறதுதான் ஃபிரேமோட குணத்தைத் தீர்மானிக்குது. டி700லயே அருமையான ஃபிரேம் இருக்கு. பெரிய பிராண்ட் பேரை ஒட்டி மலிவா வர்ற நகல் ஃபிரேம் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க, உள்ள அடுக்கு சுருங்கியிருக்கும், காத்துக்குமிழி இருக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். ஃபோர்க் உடைஞ்சா விழறது முகத்துலதான்.

எடை. தொழில்முறை ரேஸுக்கு யூசிஐ (உலக சைக்கிள் சங்கம்) வெச்சிருக்கற குறைஞ்சபட்சம் 6.8 கிலோ, 2000லேர்ந்து அதே நம்பர்தான். அந்த நம்பரைத் துரத்திட்டு நிறைய பேர் டைட்டானியம் போல்ட் வரைக்கும் போறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, 70 கிலோ ஆளு, 8 கிலோ பைக், மொத்தம் 78. ஒரு கிலோ குறைச்சா மொத்தத்துல 1.3 சதவீதம்கூட இல்ல, ஒரு மணி நேரம் விடாம ஏறுற செங்குத்தான மலையில 40 வினாடி மாதிரி மிச்சம் ஆகும். ரேஸ் ஓட்டுறவங்களுக்கு 40 வினாடி பெருசு. நமக்கு அந்தக் காசை வீலுக்கும் டயருக்கும் போட்டா தினமும் தெரியும். சமதரையில காத்துதான் எதிரி, காத்தை எதிர்க்கத் தேவையான பவர் வேகத்தோட மும்மடியில (வேகத்தை மூணு தடவை பெருக்கின அளவுல) ஏறும், 30 கிமீ வேகத்தை 36 ஆக்கணும்னா 1.7 மடங்கு வேணும், அந்த எதிர்ப்புல பெரும்பங்கு பைக் இல்ல, உங்க உடம்பு. அதனால மறுபடியும் ஃபிட்டுக்குத்தான் வர்றோம், முழங்கையை மடக்கி ஒரு மணி நேரம் வசதியா உட்கார முடிஞ்சா எந்த ஏரோ ஃபிரேமும் தராததை அது தரும்.

வீல் ரிம் 45லேர்ந்து 50 மிமீ உயரம், உள் அகலம் 21லேர்ந்து 23, டயர் அகலம் 28 இல்லைன்னா 30. ரிம் ஹூக்லெஸ்ஸான்னு (ஓரத்துல டயரைப் பிடிக்கிற கொக்கி இல்லாததான்னு) கண்டிப்பா கேளுங்க, அதுல 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல காத்து ஏத்தவே கூடாது, எந்த டயர் போடலாம்னு கம்பெனி லிஸ்ட் இருக்கும், அதுல இல்லாத டயர் கூடாது. எனக்கு கொக்கி உள்ள ரிம்தான் நிம்மதி. ஃப்ரீஹப்பும் (பின் வீல்ல கேசட் மாட்டுற பாகம்) பாருங்க, ஸ்ராம் கம்பெனியோட 12 ஸ்பீடு ரோட் கேசட்ல 10 பல் கியர் இருக்கறதால XDR பாடி வேணும், ஷிமானோ கம்பெனி கேசட்டுக்கு அது சேராது.

குரூப்செட்ல டாப் மாடல் அவசியமே இல்ல. 2021ல வந்த ஷிமானோ டியூரா ஏஸ், அல்டெக்ரா ரெண்டும் 12 ஸ்பீடு டிஐ2 (எலக்ட்ரானிக் கியர்), கியர் மாறுற விதத்துல கண்ணைக் கட்டிட்டு ஓட்டினா எனக்கு வித்தியாசம் தெரியல, வித்தியாசம் முக்காவாசி எடைதான். இதுல ஷிஃப்டர் வயர்லெஸ், உள்ள காசு மாதிரி வட்டப் பேட்டரி, ஆனா முன் பின் டெரெய்லரிலேர்ந்து (செயினை நகர்த்துற பாகம்) சீட் போஸ்ட் பேட்டரிக்கு வயர் போகும். ஸ்ராமோட எலக்ட்ரானிக் கியரான ஏஎக்ஸ்எஸ்ல டெரெய்லர்லயே பேட்டரி, வயரே கிடையாது, முதல் தடவை பில்ட் பண்றவங்களுக்கு அது சுலபம். பிரேக் ஆயில் மட்டும் குழப்பாதீங்க, ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோட் பிரேக்குக்கு டாட் ஆயில், மாத்தி ஊத்தினா சீல் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். கிராங்க் நீளத்தை யோசிச்சு வாங்குங்க, நான் 172.5லேர்ந்து 165க்கு வந்தேன், குனிஞ்சு மிதிக்கும்போது முழங்கால் வயித்துல இடிக்கறது நின்னுச்சு. டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச டாடேய் போகாச்சர்கூட 2024ல 165க்கு மாறினார்.

ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டா வர்ற மாடலை முதல் வருஷம் வாங்காதீங்க. பிரேக் ஹோஸ் (ஆயில் குழாய்) பார் உள்ளயே ஓடி ஹெட்செட் (ஹெட் ட்யூப் பேரிங்) வழியா இறங்கும், ஸ்டெம் 10 மிமீ மாத்தணும்னாலே ஹோஸைக் கழட்டி மறுபடி ப்ளீட் பண்ணணும், அதாவது ஆயில்ல மாட்டின காத்தை வெளியேத்தணும். தனி ஸ்டெம், ஹோஸ் அதுக்குக் கீழ ஓடுற மாதிரி, ரெண்டா பிரியற ஸ்பேசரோட வாங்குங்க. மேல் பேரிங் மாத்தவும் நிறைய ஃபிரேம்ல ஹோஸைக் கழட்டியே ஆகணும், அதனால மாட்டும்போதே நல்ல பேரிங் போட்டு கிரீஸை தாராளமா அப்பிடுங்க.

இப்ப ஸ்டீரர் (ஃபோர்க்கோட மேல் குழாய்) வெட்டுற கட்டம். பில்ட்ல திரும்பப் போக முடியாத ஒரே வேலை இது. ஃபோர்க்கை மாட்டி, பேரிங், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாம் அடுக்கி, ஸ்டெம் மேல 5 மிமீ ஸ்பேசர் ஒண்ணு வெச்சு, அதோட மேல்முனையிலேர்ந்து 3 மிமீ கீழ கோடு போட்டேன். கழட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி அளந்தேன், மூணு தடவையும் அதே கோடு வந்த பிறகுதான் ரம்பத்தைத் தொட்டேன். கோட்டைச் சுத்தி டேப் ஒட்டி, கைடுல பிடிச்சு, கார்பைட் பொடி ஒட்டின பிளேடு, மாஸ்க் கண்டிப்பா, ஏன்னா அந்தக் கருப்புத் தூசி நுரையீரலுக்குள்ள போகவே கூடாது. தண்ணி தெளிச்சுகிட்டே மெதுவா இழுத்தேன், கருப்புக் குழம்பு மாதிரி வழிஞ்சுது. முக்கால்வாசி வெட்டினதும் நிறுத்தி, குழாயைத் திருப்பி எதிர்ப்பக்கத்துலேர்ந்து வெட்டி முடிச்சேன், ஒரே பக்கமா போனா கடைசி நார் பிய்ஞ்சு கிளம்பும். உப்புத்தாளால ஓரத்தைத் தேய்ச்சு, வெட்டின முகத்துல சூப்பர் க்ளூ லேசா தடவி ஆற விட்டேன். உள்ள எக்ஸ்பேண்டர் ப்ளக் போடுறப்ப ஸ்டெம் கவ்வுற இடத்துக்கு நேரா உட்காருதான்னு பாருங்க, அலுமினிய ஃபோர்க்குக்கு அடிக்கிற ஸ்டார் நட்டை கார்பன்ல அடிக்கவே கூடாது.

டார்க் ரெஞ்ச் இல்லாம ஆரம்பிக்காதீங்க, கையோட அனுபவம்லாம் கார்பன்ல செல்லாது. ஸ்டெம், சீட் போஸ்ட் பக்கம் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும், பார்ட் மேலயே எழுதியிருக்கும், எழுதினதுக்கு மேல போகாதீங்க. சீட் போஸ்ட்டுக்கும் பாருக்கும் கார்பன் பேஸ்ட் தடவுங்க, அதுல மணல் மாதிரி துகள் இருக்கும், கம்மி டார்க்லயே நழுவாம பிடிக்கும், கிரீஸ் தடவினா போஸ்ட் இறங்கிகிட்டே இருக்கும். ஸ்டெம் முன்பக்க நாலு போல்ட்டையும் குறுக்கும் நெடுக்குமா கால் சுத்து கால் சுத்தா, மேல கீழ இடைவெளி சமமா வர்ற மாதிரி ஏத்துங்க. டாப் கேப்பை ஆட்டம் நிக்கற வரைக்கும் மட்டும் திருகுங்க, முன் பிரேக்கைப் பிடிச்சுகிட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, லொடலொடப்பு நின்னதும் ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்டை டைட் பண்ணுங்க. ஸ்டாண்ட்ல மாட்டும்போது கிளாம்பை டாப் ட்யூப்ல பிடிக்காதீங்க, அங்க சுவர் ரொம்ப மெல்லிசு, சீட் போஸ்ட்ல பிடிங்க. டெரெய்லர் ஹேங்கர் (பின் டெரெய்லரை ஃபிரேம்ல மாட்டுற துண்டு) புதுசா இருந்தாலும் நேரா இருக்கான்னு கேஜ் வெச்சு பார்த்துடுங்க, என்னுது பெட்டியிலேர்ந்து எடுக்கும்போதே வளைஞ்சிருந்துச்சு.

ப்ளீட் பண்றது மட்டும் தைரியம் வரலைன்னா தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கொடுத்துடுங்க, பக்கத்துல நின்னு பாருங்க, அடுத்த தடவை நீங்களே பண்ணிடுவீங்க.

ரெண்டாவது பில்ட் ஸ்டாக் 562, ரீச் 380, டி47, மொத்த எடை பெடலோட 7.6 கிலோ. முதல் 100 கிலோமீட்டர் முடிஞ்சதும் எல்லா போல்ட்டையும் ரெஞ்ச்ல ஒரு சுத்து பார்த்தேன், சாடில் கிளாம்ப் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு. ரெண்டு மாசம் ஓட்டின பிறகு உடம்பு பழகி ஸ்டெம்மை 5 மிமீ கீழ இறக்கினேன், இப்ப ஸ்டெம் மேல 10 மிமீ ஸ்பேசர் நிக்குது. அதை வெட்டலாமான்னு தோணுது, இன்னொரு சீசன் ஓட்டிட்டு முடிவு பண்றேன். நீங்க அளவு எடுத்ததும் அந்த நாலு நம்பரையும், பார்த்து வெச்சிருக்கற ஃபிரேமோட ஸ்டாக் ரீச்சையும் கமென்ட்ல போடுங்க, எந்த ஸ்டெம்ல அமையும்னு கணக்கு போட்டுச் சொல்றேன்.